மாவு அறைக்கு ஒரு கண்ணாடிக் கதவு

கதவு மாட்டிய மூன்றாம் நாள் விடியற்காலையில் கடையைத் திறந்தால் வாசற்படி வரைக்கும் தண்ணீர். குழாய் எங்கோ உடைந்துவிட்டது என்று அம்மா மோட்டாரை நிறுத்த ஓடினார். நான் தண்ணீர் வந்த தடத்தைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனேன். குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. குளிர் அறைக்குப் போட்ட புதுக் கண்ணாடிக் கதவின் வெளிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து, கோடு கோடாக வழிந்து, அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கு இட்லி மாவு வாங்க வந்த எதிர்வீட்டுப் பாட்டி நின்று பார்த்துவிட்டு, "இன்னாடி இது, கதவு இப்படி வேர்க்குது?" என்றார்.

இது 2021-இல். அந்தக் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்க எனக்கு இரண்டரை வருஷமும் இன்னொரு கதவும் ஆனது. தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் வீட்டு முன்னறையிலேயே சின்னதாகக் குளிர் அறை கட்டி மாவோ, பூவோ, கேக்கோ விற்கிற பெண்கள் இப்போது நிறைய. அவர்களில் நாலைந்து பேர் என் கடைக்கே வந்து கதவைத் தொட்டுப் பார்த்து விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொன்னதை முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில், கண்ணாடி எதற்கு என்ற கேள்வி. குளிர் அறைக்கு உள்ளதிலேயே நல்ல கதவு பஃப் பேனல் கதவுதான். இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை அடைத்த, வெள்ளை நிறத்தில் இருக்கும் அந்தக் கனத்த கதவு. ஐஸ்கிரீம் குடோனில், மீன் கம்பெனியில் எல்லாம் அதுதான். அதையே போட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஒரே ஒரு கிரைண்டரோடு ஆரம்பித்த காலத்தில், எவர்சில்வர் அண்டாவை வாசலில் வைத்து மூடியைத் திறந்து கரண்டியால் மொண்டு ஊற்றுவார். வாங்குகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். பொங்கியிருக்கிறதா, நிறம் வெள்ளையாக இருக்கிறதா, அண்டா விளிம்பு சுத்தமாக இருக்கிறதா என்று கண்ணாலேயே எடை போட்டுவிட்டுத்தான் தூக்கை நீட்டுவார்கள். "மூடின கதவுக்குப் பின்னாடி இருந்து எடுத்துக் கொடுத்தா, நேத்து மாவா முந்தாநேத்து மாவான்னு ஜனங்க யோசிக்கும்" என்றார் அம்மா. அவர் சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கண்ணாடி எங்களுக்கு அலங்காரத்துக்கு இல்லை. அண்டா மூடியைத் திறந்து காட்டுகிற அதே பழக்கம்தான்.

அறை சின்னது. ஆறரை அடி நீளம், ஐந்தடி அகலம், ஏழடி உயரம். சுவரும் கூரையும் 60 மில்லிமீட்டர் பஃப் பேனல். உள்ளே 4 டிகிரி. மாவு உயிருள்ள பொருள். அதைப் பொங்க வைப்பதில் முக்கியப் பங்கு லூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற நுண்ணுயிருக்கு. உளுந்தோடும் அரிசியோடும் ஒட்டிக்கொண்டு தானாகவே வருகிறது. கரியமில வாயுவை விட்டு மாவைப் பொங்க வைக்கிறது, கூடவே புளிப்பையும் கூட்டுகிறது. சித்திரை வெயிலில் ஐந்து ஆறு மணி நேரத்தில் மாவு தயார். அந்த இடத்தில் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். 4 டிகிரியில் ஏறக்குறைய தூங்கிவிடும். 10 டிகிரிக்குப் போனால் மெதுவாக விழித்துக்கொள்ளும். மறுநாள் பாக்கெட் உப்பும், மாவு புளிக்கும். ஆக, கதவு சரியில்லை என்றால் அதை முதலில் காட்டிக்கொடுப்பது வாடிக்கையாளரின் நாக்கு.

முதல் கதவுக்கு வருகிறேன். செய்தவர் பெயர் வேண்டாம். துணிக்கடை, நகைக்கடை வாசலில் இருக்குமே, சட்டம் இல்லாமல் வெறும் கண்ணாடியாக, கீழே ஃப்ளோர் ஸ்பிரிங் வைத்து இரண்டு பக்கமும் ஆடுகிற கதவு, அதைத்தான் போட்டுக் கொடுத்தார். 12 எம்எம் டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூடாக்கிக் கடினமாக்கியது. நான் கேட்டதற்கு, "குண்டு கண்ணாடி மேடம், குளிர் வெளியவே வராது" என்றார். நம்பினேன். கண்ணாடி என்றால் எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை எம்எம் என்றுதான். நானும் அதைத்தான் கேட்டேன்.

கேட்டது தப்புக் கேள்வி. கண்ணாடி தடிமனானால் பலம் கூடும். வெப்பத்தைத் தடுக்கும் குணம் கூடாது. கதவு, ஜன்னல் வழியாக எவ்வளவு வெப்பம் கடக்கிறது என்பதை யு-வேல்யூ என்ற எண்ணால் சொல்வார்கள். எண் சின்னதாக இருந்தால் நல்லது. 6 எம்எம் ஒற்றைக் கண்ணாடிக்கு அது ஏறக்குறைய 5.7. அதையே 12 எம்எம் ஆக்கினால் 5.5. காசு எகிறியது, எடை இரண்டு மடங்கு ஆனது, குளிருக்கு வந்த லாபம் ஒன்றுமில்லை. எங்கள் சுவரில் இருக்கும் 60 எம்எம் பஃப் பேனலுக்கு அந்த எண் 0.4-ஐக்கூடத் தொடாது. நல்ல சுவர் கட்டி, அதன் நடுவில் தகரம் வைத்த மாதிரி.

இனி பாட்டியின் கேள்வி. ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு ஏன் வேர்க்கிறதோ அதே காரணம்தான். காற்றில் இருக்கும் நீராவி, தன்னைவிட மிகவும் குளிர்ந்த எதையாவது தொட்டால் தண்ணீராகிவிடும். எவ்வளவு குளிர்ந்தால் என்பதுதான் கணக்கு. அந்த எல்லைக்குப் பனிப்புள்ளி என்று பெயர். வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வையுங்கள். கடற்கரையை ஒட்டிய எங்கள் தெருவில் இது சாதாரணச் சாயங்காலம். அப்போது பனிப்புள்ளி 27 டிகிரி. புரிகிறதா? 27 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பும் வேர்க்கும். உள்ளே 4 டிகிரியும் நடுவில் ஒற்றைக் கண்ணாடியும் இருந்தால் அதன் வெளிப்பரப்பு சுமார் 12 டிகிரியில் நிற்கும். அது வேர்க்காமல் என்ன செய்யும்!

வெறும் இரட்டைக் கண்ணாடி போட்டால்? நடுவே 12 எம்எம் காற்று அடைத்த இரண்டு கண்ணாடி, தொழிலில் டிஜியூ என்பார்கள். யு-வேல்யூ 2.8 அளவுக்கு இறங்கும். வெளிப்பரப்பு 22 டிகிரிக்கு வரும். அப்போதும் வேர்க்கும். உள்பக்கம் லோ-இ என்கிற, வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு பூசி, காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயு அடைத்த இரட்டைக் கண்ணாடி என்றால் எண் 1.4 பக்கம். வெளிப்பரப்பு 27. அதாவது பனிப்புள்ளியின் மேலேயே நிற்கிறது. ஒரு நாள் வேர்க்கும், ஒரு நாள் வேர்க்காது. இந்தக் கணக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு உட்கார்ந்து தாளில் போட்டபோதுதான், சென்னைக்கு இது சாதாரணக் கதவு விஷயம் இல்லை என்று எனக்கு உறைத்தது.

தம்பி முதலில் இணையத்தில் தேடினான். வீட்டுக்குள் வைக்கிற குளிர் அறைக்குக் கண்ணாடிக் கதவு என்று தேடினால் கிடைப்பதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் வீட்டில் ஒயின் பாட்டில் அடுக்கி வைக்கிற அறையைப் பற்றியது. நமக்குச் சம்பந்தமில்லை என்று தள்ளிவிடாமல் நான் அதை முழுக்க வாசித்தேன். நல்ல விஷயங்கள் இருந்தன. ஒயினை 12, 13 டிகிரியில் வைக்கிறார்கள். உள்ளே ஈரப்பதம் 60, 70 சதவீதம் வேண்டும், இல்லையென்றால் பாட்டிலின் தக்கை காய்ந்து சுருங்கிக் காற்று உள்ளே போய்விடும். வெளிச்சம், அதிலும் புற ஊதாக் கதிர், ஒயினைக் கெடுக்கும் என்பதால் கண்ணாடியில் அதைத் தடுக்கும் பூச்சு கேட்கிறார்கள். கதவுக்கு நாலு பக்கமும் இடுக்கை அடைக்கிற கேஸ்கெட் பட்டை, அடியில் தரையோடு அழுந்துகிற பட்டை, இரட்டைக் கண்ணாடி. இவ்வளவும் நமக்கும் பொருந்தும்.

பொருந்தாதது அவர்களுடைய வெளிப்பக்கம். ஒயின் அறை இருப்பது ஏசி ஓடுகிற கூடத்தில். 26 டிகிரி, ஈரப்பதம் 55 சதவீதம் என்றால் அங்கே பனிப்புள்ளி 16 டிகிரிதான். உள்ளே 13. அந்த வீட்டில் ஒற்றைக் கண்ணாடியே தட்டுத் தடுமாறித் தப்பித்துவிடும். எங்கள் கடை முன்பக்கம் ஷட்டர் திறந்தால் தெரு. ஏசி கிடையாது. உள்ளே இன்னும் 9 டிகிரி அதிகக் குளிர். அங்கே ஆடம்பரமான கதவு இங்கே அரைகுறைக் கதவு. இன்னொன்றும் கவனியுங்கள். குளிர்நாட்டு ஜன்னல் அட்டவணைகள் வீட்டுக்குள் கதகதப்பு, வெளியே பனி என்று எழுதப்பட்டவை. அங்கே ஈரம் உள்ளேயிருந்து வெளியே போகப் பார்க்கும். நமக்குத் தலைகீழ். வெளியேயிருந்து உள்ளே வரத் துடிக்கும். அதனால் பேனல் இணைப்பு, சட்டத்தின் ஓரம் எல்லாவற்றுக்கும் சீலன்ட் என்ற அடைப்புப் பசையை வெளிப்பக்கம்தான் முதலில் பார்த்துப் பார்த்துப் பூச வேண்டும். இதை எனக்குச் சொன்னது ஏசி மெக்கானிக். அவர் கோட்டை விட்டிருந்தால் பேனலுக்குள்ளேயே தண்ணீர் இறங்கியிருக்கும்.

வேர்வை கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாமல் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. முன்பே சொன்னேனே, அந்தக் கதவுக்குச் சட்டம் கிடையாது. சுற்றிலும் இடைவெளி விட்டால்தான் ஆடும். நாலு எம்எம்தானே என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. கதவு இரண்டரை அடிக்கு ஆறரை அடி. சுற்றளவு ஐந்தரை மீட்டர். அதை நாலு எம்எம்மால் பெருக்குங்கள். 220 சதுர சென்டிமீட்டர். குளிர் அறைச் சுவரில் பதினைந்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர் சதுர ஓட்டை போட்டு ராத்திரி பகலாகத் திறந்து வைத்ததற்குச் சமம். குளிர்ந்த காற்று கனமானது, கீழ் இடுக்கு வழியே தரையோடு வழிந்து வெளியேறும். அதே அளவு வெளிக்காற்று மேல் இடுக்கு வழியே உள்ளே வரும். வாடிக்கையாளர்கள் "உங்க கடை வாசல்ல நின்னா கால் சில்லுன்னு இருக்கு" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். அது எங்கள் கரண்ட் பில்.

உள்ளே வருகிற காற்று வெறுங்கையோடு வருவதில்லை. அந்த 32 டிகிரிக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 25 கிராம் நீராவி இருக்கும். 4 டிகிரிக்குக் குளிர்ந்தால் 6 கிராமுக்குமேல் தாங்காது. மீதி 19 கிராமும் உள்ளே இருக்கிற குளிர் சுருளில் தண்ணீராகவும் உறைபனியாகவும் படியும். ஒரு லிட்டர் நீராவியைத் தண்ணீராக்க மட்டுமே முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான வெப்பத்தை மெஷின் இழுத்து வெளியே தள்ள வேண்டும்.

இங்கேதான் எனக்கு ஒரு நல்ல அளவுகோல் கிடைத்தது. மெஷினிலிருந்து வடிகிற தண்ணீருக்கு ஒரு குழாய் உண்டு இல்லையா, அதைச் சாக்கடையில் விடாமல் ஒரு வாளியில் விட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்கு வாளியைக் காலி செய்வது, மறுநாள் ஒன்பதுக்கு மக்கால் மொண்டு அளப்பது. ஒரு வாரம் எழுதி வைத்தேன். ஏழு லிட்டர், எட்டு லிட்டர், ஒரு நாள் ஒன்பது. கதவு எவ்வளவு ஒழுகுகிறது என்பதை அந்த வாளியைப் போலச் சொல்கிற கருவி எதுவும் நான் பார்த்ததில்லை. குளிர் அறை வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் ஒரு வாரம் வாளி வைத்துப் பாருங்கள். செலவே இல்லை.

எங்களுக்கு மனசு முழுக்கத் தீர்மானமானது 2023 டிசம்பர் 4-ஆம் தேதி. மிக்ஜாம் புயல். வடசென்னையில் அன்றைக்கு இருந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்ட் விடியற்காலையிலேயே போய்விட்டது. உள்ளே இருநூறு கிலோ மாவு. கதவைத் திறக்கவே கூடாது என்று கயிறு போட்டுக் கட்டிவிட்டு, உள்ளே வைத்திருந்த தெர்மாமீட்டரைக் கண்ணாடி வழியே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஆறு மணிக்கு 5 டிகிரி. எட்டரைக்கு 8. மதியம் 12 தாண்டிவிட்டது. வெளியே மழைக்குளிர், வெயிலே இல்லை, அப்படியும் நிற்கவில்லை. சாயங்காலம் பாக்கெட் எல்லாம் தலையணை மாதிரி உப்ப ஆரம்பித்ததும் அம்மா கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். தம்பி குளியல் டப்பில் பாக்கெட்டுகளை அடுக்கித் தண்ணீரில் தள்ளிக்கொண்டே தெரு முழுக்க வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தான். அன்று ராத்திரி எங்கள் தெருவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எல்லா வீட்டிலும் தோசை. மாவு வீணாகவில்லை என்பதில் அம்மாவுக்கு நிம்மதி. எனக்கு அந்த 5, 8, 12 மட்டும் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. நல்ல கதவாக இருந்திருந்தால் மதியம் தாண்டியும் தாக்குப்பிடித்திருக்கும்.

தை பிறந்ததும் தேட ஆரம்பித்தேன். கண்ணாடிக்குப் பஞ்சமான ஊர் இல்லை நம்முடையது. ஸ்ரீபெரும்புதூரில் சென்-கோபேன் ஆலை 2000-இலிருந்து ஓடுகிறது. பாரிமுனைப் பக்கம் கண்ணாடிக் கடைகள் காலம் காலமாக இருக்கின்றன. ஆனால் பெரும்பாலான கடையில் நான் குளிர் அறைக்கு என்று சொன்னதும் டிஜியூ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் கிடைத்தவர் வண்ணாரப்பேட்டைக்காரர். முன்பு சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசர்களுக்குக் கதவு மாற்றுகிற வேலை செய்தவர். பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கடைக்கு வந்தவுடன் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. குனிந்து, கதவின் ஓரத்தை விரலால் சுற்றிலும் தடவிக்கொண்டே போனார். "தங்கச்சி, கண்ணாடி நடுவுல கெடாது. கெடறது எல்லாம் ஓரத்துலதான்" என்றார். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்தால் போதும் என்றால் அந்த வரியை வையுங்கள்.

அவர் ஓரம் என்று சொன்னதில் மூன்று சமாச்சாரம் அடக்கம். முதலாவது, இரண்டு கண்ணாடிக்கும் நடுவே சுற்றிலும் ஓடுகிற ஸ்பேசர் பட்டை. பெரும்பாலும் அலுமினியம். அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவதில் கெட்டி, அதனால் நடுக்கண்ணாடி காய்ந்திருந்தாலும் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வேர்வை கட்டும். இதற்கு மாற்றாக வார்ம் எட்ஜ் என்று பிளாஸ்டிக் கலந்த பட்டை வருகிறது. கேட்டு வாங்க வேண்டும், கேட்காவிட்டால் அலுமினியம்தான். அந்தப் பட்டைக்குள் ஈரம் உறிஞ்சும் குருணை இருக்கும். பட்டைக்கு வெளியே முதலில் பியூட்டைல், அதன்மேல் பாலிசல்பைடு அல்லது சிலிகான், இரண்டு அடுக்குச் சீல். அது ஓரிடத்தில் விட்டுப்போனாலும் ஈரம் மெல்ல உள்ளே போய், குருணை நிறைந்து, இரண்டு கண்ணாடிக்கு நடுவில் மூடுபனி கட்டிவிடும். எந்தத் துணியாலும் துடைக்க முடியாது. அந்தக் கண்ணாடியையே மாற்ற வேண்டியதுதான். ஒரு பேக்கரியில் போட்ட கதவு ஒரே மழைக்காலத்தில் அப்படிக் கண்புரை விழுந்த மாதிரி ஆனதைப் பாய் என்னைக் கூட்டிப் போய்க் காட்டினார். அதனால் தெருமுனைப் பட்டறையில் கையால் ஒட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம். மெஷினில் அடைத்து வரும் ஆலைச் சரக்காக இருக்கட்டும், சீலுக்கு எத்தனை வருஷ வாரண்டி என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது சட்டம். அலுமினியச் சட்டம் உள்ளேயும் வெளியேயும் ஒரே துண்டாக இருந்தால் குளிர் அப்படியே வெளிப்பக்கம் வந்துவிடும். நடுவில் பாலியமைடு என்ற பிளாஸ்டிக் பட்டை வைத்து இரண்டாகப் பிரித்த தெர்மல் பிரேக் சட்டம் வேண்டும். மூன்றாவது கேஸ்கெட். ஃப்ரிட்ஜில் இருப்பது போலக் காந்தம் வைத்தது.

லோ-இ பூச்சு உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கப் பாய் காட்டிய வித்தை எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது. மாதிரிக்கு ஒரு இரட்டைக் கண்ணாடித் துண்டைக் கொண்டுவந்திருந்தார். ஷட்டரைப் பாதி இறக்கி இருட்டாக்கிவிட்டு, லைட்டரைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பற்ற வைத்து, சாய்வாகப் பார்க்கச் சொன்னார். கண்ணாடிக்குள் வரிசையாக நாலு சுடர் தெரிந்தது. நாலு பரப்பு, நாலு பிரதிபலிப்பு. மூன்று மஞ்சளாக இருக்க, ஒன்று மட்டும் லேசாக ஊதா கலந்தாற்போல வேறு நிறம். பூச்சு இருப்பது அந்தப் பரப்பில். அது இரண்டு கண்ணாடிக்கு நடுப்பக்கம் வரவேண்டும், கை படுகிற பக்கம் இல்லை. நாலும் ஒரே நிறமாக இருந்தால் நீங்கள் பூச்சுக்குக் கொடுத்த காசு போச்சு. ஆர்கானைச் சோதிக்க நம் கையில் இப்படி வழி இல்லை. ஆனால் இரண்டில் ஒன்றுதான் கட்டுப்படியாகும் என்றால் பூச்சையே எடுங்கள். குளிரைத் தடுப்பதில் வாயுவைவிட அதன் பங்குதான் பெரிது.

சரி, என்னதான் போட்டோம்? நான் முழுக்க மூன்று அடுக்குக் கண்ணாடிக் கதவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி ஒரு எம்எம் தடிமனுக்கு இரண்டரை கிலோ. நாலு எம்எம் கண்ணாடி மூன்று என்றால் முழுக் கதவுக்குக் கண்ணாடி மட்டுமே 45 கிலோ. மாவு டிரேயோடு ஒரு நாளைக்கு அறுபது தடவை திறக்கிற கதவு அது. அப்போதுதான் பாய் கேட்டார்: "ஜனங்க எதைப் பார்க்கணும்? மாவைத்தானே? முட்டிக்குக் கீழ என்ன பார்க்கப்போறாங்க?" அறையில் கீழ்ப்பகுதிதான் அதிகக் குளிர். கண்ணாடி அதிகம் வேர்ப்பதும் அங்கேதான். டிரே இடிப்பதும் கால் படுவதும் அங்கேதான். ஆக, கதவு பஃப் பேனல், அதில் கண் மட்டத்தில் இரண்டடிக்கு மூன்றடி மூன்றடுக்குக் கண்ணாடி. மூன்றும் டஃபன்ட், நடுவில் இரண்டு இடத்திலும் ஆர்கான், இரண்டு பூச்சு. யு-வேல்யூ 0.8 பக்கம். கண்ணாடி எடை 17 கிலோவுக்குள். லைட்டர் காட்டினால் ஆறு சுடர், அதில் இரண்டு நிறம் மாறி.

அம்மாவுக்கு இதில் ஒரு நிபந்தனை இருந்தது. பின்தெருவிலிருந்து ஒரு பையன் தினமும் தூக்கோடு வருவான், மூன்றாம் வகுப்பு. அவன் எட்டிப் பார்த்து, "அக்கா, அந்த ரெண்டாவது தட்டுல இருக்குறது" என்று கைகாட்டித்தான் வாங்குவான். அவனுக்குத் தெரிய வேண்டும் என்றார். அவனைக் கூப்பிட்டு நிறுத்திப் பாய் டேப்பால் அளந்தார். கண்ணாடியின் கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டே முக்கால் அடியில் வந்தது அப்படித்தான்.

அளவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டஃபன்ட் கண்ணாடியை அறுநூறு டிகிரிக்குமேல் சூடாக்கிச் சட்டென்று காற்றடித்துக் குளிர வைத்துக் கடினமாக்குகிறார்கள். அதன்பிறகு ஒரு எம்எம்கூட வெட்டவோ துளையிடவோ முடியாது, தூள் தூளாகிவிடும். அதனால் அளவு கொடுப்பதற்கு முன் நீள அகலத்தோடு மூலைக்கு மூலை குறுக்கு அளவும் இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும். எங்கள் பழைய திறப்பில் இரண்டு குறுக்களவுக்கும் 9 எம்எம் வித்தியாசம் இருந்தது. சட்டத்தை நேராக்கிய பிறகுதான் கதவுக்கு ஆர்டர் போனது.

கீல் பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஏரியாக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். காசிமேட்டுப் பக்கமிருந்து மதியத்துக்குமேல் அடிக்கிற உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். முதல் கதவின் ஃப்ளோர் ஸ்பிரிங் மூடி முதல் மழைக்காலத்திலேயே துரு. கீல், கைப்பிடி, ஸ்குரு எல்லாம் 316 எவர்சில்வரில் கேளுங்கள். அதில் மாலிப்டினம் கலந்திருக்கும், உப்பைத் தாங்கும். கீல் மேலேறி இறங்குகிற வகை. திறக்கும்போது கதவு லேசாகத் தூக்கிக்கொண்டு தரையில் உரசாமல் வரும், மூடும்போது தன் எடையிலேயே இறங்கி அடிப்பட்டை தரையோடு அழுந்திவிடும்.

செலவு முதல் கதவைப் போல இரண்டரை மடங்கு ஆனது. முதல் கதவே போடாமல் இருந்திருந்தால் என்று அம்மா இன்றைக்கும் வருத்தப்படுவார்.

மாட்டி முடித்த அன்று பாய் பத்து ரூபாய் நோட்டு ஒன்று கேட்டார். நோட்டைப் பாதி உள்ளே பாதி வெளியே வைத்துக் கதவை மூடி இழுத்தார். இறுகிப் பிடித்தது. ஒரு சாண் தள்ளி மறுபடி. இப்படிச் சுற்றிலும். கீல் பக்கக் கீழ்மூலையில் நோட்டு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கீலை அரைச் சுற்று சரிசெய்து மறுபடி இழுத்தார், பிடித்தது. இதை நான் இப்போது மாதா மாதம் முதல் தேதி செய்கிறேன். இன்னொரு அடையாளமும் உண்டு. திறந்து மூடிய கையோடு மறுபடி திறந்தால் கதவு ஒரு நொடி இழுத்துப் பிடிக்க வேண்டும். உள்ளே போன வெதுவெதுப்பான காற்று குளிர்ந்து சுருங்குவதால் வருகிற பிடிப்பு அது. பழைய கதவில் ஒரு நாளும் அப்படிப் பிடித்ததில்லை.

வைகாசி, ஆனி வெயிலில் புதுக் கண்ணாடி ஒரு சொட்டு வேர்க்கவில்லை. தப்பாக எதிர்பார்த்தது மழைக்காலத்தை. வெயில் காலம்தான் சோதனை என்று நினைத்திருந்தேன், இல்லை. ஐப்பசி, கார்த்திகை விடியலில் வெளியே 26 டிகிரிதான் இருக்கும், ஆனால் ஈரப்பதம் 95. பனிப்புள்ளி 25-இல் வந்து நிற்கும். காற்றுக்கும் பனிப்புள்ளிக்கும் ஒரு டிகிரிதான் இடைவெளி. அந்த ஒரு டிகிரிக்குள் எந்தக் கண்ணாடியும் தாக்குப்பிடிக்காது. லேசாகப் பூத்தாற்போல மங்கும். ஃப்ரீசர் கதவுகளில் இதற்கு ஹீட்டர் வைப்பார்கள், கண்ணாடியே இளஞ்சூட்டில் இருக்கும். எங்களுக்கு வருஷத்தில் சில வாரங்களுக்காக நாள் முழுக்கக் கரண்ட் தின்கிற ஹீட்டர் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஒரு சின்ன சுவர் ஃபேனைக் கண்ணாடிமேல் படுகிற மாதிரி திருப்பி வைத்தேன். அறைக் காற்று தொடர்ந்து உரசினால் கண்ணாடியின் பரப்பு அறைச் சூட்டுக்கு நெருங்கிவிடுகிறது. கால் மணி நேரத்தில் தெளிந்துவிடும்.

வாளி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. நேற்று ராத்திரி அளந்தேன், ஒன்றரை லிட்டர். கதவைத் திறந்து மூடுவதால் வருகிற தண்ணீர்தான் அவ்வளவும். அம்மா அதைக் கொண்டுபோய் மாடியில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றிவிட்டு வந்தார்.